மீட்டெடுத்த மௌனப்படம்

பழைய மௌனப்படங்களில் வரும் மாந்தர் பொம்மைகளைப் போல விரைந்து ஓடுவதைக் கண்டு இக்காலத்தார் நகைப்பதுண்டு. இக்குறை படத்தை ஆக்கியோரது குறையன்று. அக்காலத்திற் படப்பெட்டியைப் பெரும்பாலும் கையாற் சுழற்றினர். பேசும் படக் கருவியோ விநாடிக்கு 24 படங்களைக் காட்டுவது. மெதுவாக எடுத்ததை விரைவாகக் காட்டினால், நடப்பவன் ஓடத்தானே செய்வான்! ஆகவே, உரிய வேகத்தை அறிந்து காட்டுவதே மௌனப்படத்திற்குச் செய்யும் முதல் மரியாதையாகும்.

எனினும், படமே சிதைந்துபோயின் யாது செய்வது? ஜேர்மனியில் பிரிட்ஸ் லாங் நெறிப்படுத்திய 'மெற்றோபொலிஸ்' என்னும் படம் இதற்குத் தக்க சான்று. 1927ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் பேர்லினில் இது முதன்முறையாகக் காட்டப்பட்டபோது, இதன் நீளம் 4,189 மீற்றர். நீளம் மிகுந்தது எனக் கருதிய வியாபாரிகள் இதனை வெட்டிக் குறுக்கினர். ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மறைந்தது. கதையின் தொடர்பும் அறுந்தது.

வெட்டப்படாத பிரதியொன்று ஆர்ஜென்டீனாவுக்குச் சென்றிருந்தது. அக்காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் இயல்பினது. ஆதலால், பிற்காலத்தில் அப்பிரதியை 16 மில்லிமீற்றர்ச் சுருளிற் சிறிதாகப் பிரதிசெய்து வைத்தனர். பிரதிசெய்தபோது பழைய கீறல்கள் யாவும் படத்தோடு படமாகப் பதிந்தன. படத்தின் ஓரமும் சிறிது வெட்டுண்டது. 2008ஆம் ஆண்டில் புவெனஸ் அயர்ஸ் நகரத்துத் திரைப்பட நூதனசாலையில் இச்சுருள் இன்னதென அடையாளம் காணப்பட்டது.

கண்டெடுத்த காட்சிகளை எங்கே பொருத்துவது? இதற்கு வழிகாட்டியது இசை. படத்திற்கென கொட்பிரைட் ஹுப்பேர்ட்ஸ் இயற்றிய இசையேட்டில், எந்தக் காட்சிக்கு எந்த இசை என்பதைக் காட்டும் குறிப்புகள் ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. தணிக்கையாளரின் பதிவேடு, படத்தின் இடையிடையே தோன்றும் எழுத்துக்களைக் காத்து வைத்திருந்தது. இவற்றின் துணையாற் காட்சிகள் வரிசைப்பட்டன. 2010ஆம் ஆண்டு பெப்புருவரி 12ஆம் நாள், பேர்லினில் வாத்தியக் குழு நேரில் இசைக்க, படம் மீண்டும் திரையேறியது.

மீட்டோர் செய்ததைப் போலவே, செய்யாது விட்டதும் போற்றத்தக்கது. கணினியின் உதவியால் அழுக்கையும் கீறல்களையும் இயன்ற அளவு குறைத்தனர்; எஞ்சியவற்றை மூடி மறைக்கவில்லை. வெட்டுண்ட ஓரத்தைக் கறுப்பாகவே விட்டனர். கிடையாத சில காட்சிகளைப் புதிதாகப் புனையாமல், அங்கே நிகழ்வதை எழுத்திற் கூறி அமைந்தனர். இதனால், பார்ப்போர் பழையது எது, இழந்தது எது எனத் தாமே உணர்கின்றனர். சிதைந்த சிற்பத்திற்குப் புதுக்கை பொருத்தி அதுவே பழைய கை எனக் கூறுவது மீட்பாகாது. உள்ளதை உள்ளவாறு காட்டி, இல்லாததை இல்லையெனச் சொல்வதே மீட்பாகும்.