சாவி கேட்பவரிடம் சான்றிதழ் கேளுங்கள்

நாமக்கல்லில் மொத்தப் பணத்தையும் எண்ணி வைத்து லாரி எடுப்பவர்கள் அரிது. சேஸுக்கு ஒரு கடன், பட்டறையில் பாடி கட்ட இன்னொரு கடன், அவசரத்துக்கு டயர் கடையில் பாக்கி. ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ் கம்பெனியின் பெயர் ஏறிவிடும். கடைசி டியூ கட்டி என்.ஓ.சி. வாங்கும் வரை அது இறங்காது. சங்ககிரி லாரிக்காரருக்கும் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வைத்திருப்பவருக்கும் இதே நிலைதான். லோடு கிடைக்காமல் இரண்டு மூன்று டியூ நின்றுபோனால் 'சீஸிங்' பேச்சு வந்துவிடும். 'வண்டியைத் தூக்கிட்டாங்க' என்று டிரைவர் போனில் சொல்லும்போது உரிமையாளர் வீட்டில் இருப்பார். வண்டி வேறு மாநிலத்தில்கூட நிற்கலாம்.

நடுவழியில் வண்டியை மறித்துச் சாவி கேட்பவர் போலீஸ்காரர் அல்ல. நீதிமன்ற அமீனாவும் அல்ல. கடன் கொடுத்த நிறுவனம் அமர்த்திய தனியார் வசூல் முகவர். அவர் யார், என்ன படித்திருக்க வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. கடன் வாங்கியவர்களில் பலருக்கு அது தெரியாது.

அமெரிக்காவில் ஆளையே இப்படிப் பிடித்து வரத் தனியார் முகவர்கள் உண்டு. ஜாமீன் பத்திரம் கொடுத்த நிறுவனம், ஜாமீனில் போய்த் தலைமறைவானவரைத் தேடிப் பிடிக்க ஆள் அனுப்பும். 1872-ல் வந்த டெய்லர் எதிர் டெய்ன்டர் தீர்ப்பு இதற்குப் பெரும் பலம் தந்தது. இன்று கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் இந்த வேலைக்கு வயது வரம்பும் பயிற்சியும் கட்டாயம். கென்டக்கி, இல்லினாய், ஒரேகான், விஸ்கான்சின் ஆகியவை ஜாமீன் வியாபாரத்தையே ஒழித்துவிட்டன. இந்தியாவில் ஜாமீனில் போனவர் வாய்தாவுக்கு வராவிட்டால் நீதிமன்றம் பிடிவாரண்ட் போடும், போலீஸ் பிடித்து வரும், ஜாமீன் கொடுத்தவர் பணம் கட்ட நேரும். ஆளைப் பிடிக்கும் வேலை இங்கே தனியாரிடம் இல்லை. வண்டியைப் பிடிக்கும் வேலை இருக்கிறது.

அடியாட்களை வைத்து வாகனம் பறிப்பதை 2007-ல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி எதிர் பிரகாஷ் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. அடுத்த ஆண்டு, 2008 ஏப்ரல் 24 அன்று, ரிசர்வ் வங்கி வசூல் முகவர்களுக்கென விதிகளை வெளியிட்டது. வங்கிக்காக வசூலுக்குப் போகிறவர் 100 மணி நேரப் பயிற்சி முடித்து, தேர்வில் தேறி, சான்றிதழ் வாங்க வேண்டும். பட்டதாரி என்றால் 50 மணி நேரம். பாடத்திட்டத்தையும் தேர்வையும் பார்த்துக்கொள்வது மும்பையில் 1928 முதல் இயங்கிவரும் இந்திய வங்கியியல் மற்றும் நிதியியல் கழகம். வங்கித் தொழிலின் அடிப்படை, கடன் வசூல் சட்டங்கள், முகவரின் கடமைகள், கடன்காரரிடம் பேசும் முறை ஆகியவை பாடங்கள். வேலைக்கு எடுக்கும் முன் முகவரின் பின்னணி விசாரிக்கப்படுவதை வங்கி உறுதிசெய்ய வேண்டும். போலீஸ் சரிபார்ப்பும் அதில் அடங்கலாம்.

வருகிறவர் கையில் மூன்று தாள்கள் இருக்க வேண்டும்: அடையாள அட்டை, வங்கி கொடுத்த அதிகாரக் கடிதம், கடன்காரருக்கு அனுப்பிய நோட்டீஸின் நகல். எந்த ஏஜென்சி வருகிறது என்பதை வங்கி முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். நடுவில் ஏஜென்சி மாறினால் அதையும் சொல்ல வேண்டும்.

இந்த விதியில் ஓர் ஓட்டை இருக்கிறது. லாரித் தொழிலுக்கு அதுதான் முக்கியம். 2008 விதி வங்கிகளுக்கு எழுதப்பட்டது. சேலம், நாமக்கல் வண்டிகளில் பல நிற்பதோ வங்கி அல்லாத பைனான்ஸ் கம்பெனிகளின் பெயரில். 2017 நவம்பரில் அவர்களுக்கு வந்த விதி, வசூல் முகவர் 'முறையாகப் பயிற்சி பெற்றவராக' இருக்க வேண்டும் என்றது. எத்தனை மணி நேரம் என்று சொல்லவில்லை. சாலையில் மறிக்கப்படும் டிரைவருக்கு, கடன் கொடுத்தது வங்கியா கம்பெனியா என்பதால் ஆபத்து கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. பயிற்சி மட்டும் ஏன் வேறாக இருக்க வேண்டும்?

2022 செப்டம்பரில் ஜார்க்கண்டின் ஹசாரிபாக் மாவட்டத்தில் டிராக்டர் கடன் பாக்கிக்காக முகவர்கள் வண்டியை எடுத்துப் போக வந்தார்கள். தடுக்கப்போன விவசாயியின் மகள், கர்ப்பிணி, அதே டிராக்டரில் அடிபட்டு இறந்தார். செப்டம்பர் 22 அன்று, வெளி முகவர்களைக் கொண்டு வசூல் செய்யக் கூடாது என்று, கடன் கொடுத்த மஹிந்திரா பைனான்ஸ் நிறுவனத்துக்கு ரிசர்வ் வங்கி தடை போட்டது. சில மாதங்களில் தடை விலகியது. போன இரண்டு உயிர்கள் திரும்பவில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்பே, ஆகஸ்ட் 12 அன்று, வங்கிகளுக்கும் பைனான்ஸ் கம்பெனிகளுக்கும் சேர்த்தே ஓர் உத்தரவு வந்திருந்தது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் பாக்கி கேட்டுப் போன் செய்யக் கூடாது. நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது. குடும்பத்தார், நண்பர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. தமிழகச் சட்டமன்றமும் 2025 ஏப்ரலில், மிரட்டிக் கடன் வசூலிப்பவர்களுக்குச் சிறைத்தண்டனை தரும் மசோதாவை நிறைவேற்றியது.

இதனால் டியூ கட்ட வேண்டாம் என்று ஆகிவிடாது. ஒப்பந்தத்தில் செல்லத்தக்க பிரிவு இருந்தால் கடன் கொடுத்தவர் வண்டியை எடுக்கலாம். ஆனால் எடுக்கும் முன் எத்தனை நாள் நோட்டீஸ், ஏலத்துக்கு முன் பணம் கட்டக் கடைசி வாய்ப்பு எப்படி, கட்டினால் வண்டி எப்படித் திரும்பும் என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் அன்றே அந்தப் பக்கத்தைப் படித்து நகல் வாங்கிக்கொள்வது நல்லது. வண்டியை ஒப்படைக்க நேர்ந்தால் ஸ்டெப்னி, ஜாக்கி, தார்ப்பாய், கயிறு, பேட்டரி, டயர் எண்கள், ஏற்றியிருக்கும் லோடு என்று ஒன்று விடாமல் பட்டியல் எழுதி, முகவரின் கையெழுத்தை வாங்க வேண்டும். யார்டில் நிற்கும் வண்டியிலிருந்து காணாமல் போகும் பொருளுக்கு வேறு அத்தாட்சி கிடையாது.

வசூலுக்கு வருகிற இளைஞரும் பிழைப்புக்கு வந்தவர்தான். பயிற்சி இல்லாமல் அவரை அனுப்பினால், தகராறு முற்றும்போது வழக்கில் சிக்குபவர் அவர், ஏ.சி. அறையில் இருந்து அனுப்பியவர் அல்ல.

முகவர் அந்த மூன்று தாள்களைக் காட்ட மறுத்தாலோ கைவைத்தாலோ அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால், வங்கிகள் மீதும் பெரிய பைனான்ஸ் கம்பெனிகள் மீதும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.