ஆமோஸ் கண்ட இறைநீதி

கி.மு. 8ஆம் நூற்றாண்டில், இரண்டாம் யெரொபெயாமின் ஆட்சியில், வட இஸ்ரவேல் செழிப்புற்றிருந்தது. எனினும் அச்செழிப்பு ஒரு சாராருக்கே உரியதாயிற்று. சமாரியா அகழ்வாய்வுகளிற் கிடைத்த தந்தச் செதுக்கல்கள் அவர்தம் ஆடம்பரத்துக்குச் சான்றாகும். மறுபுறம், வறியோர் சிறுகடனுக்காக அடிமைகளாக விற்கப்பட்டனர். வணிகர் தராசு பொய்த்தது. நகரவாயிலில் நீதி கைக்கூலிக்கு விலைபோயிற்று.

இவற்றைக் கண்டித்தவர் தெக்கோவா ஊரின் மந்தை மேய்ப்பரான ஆமோஸ். பெத்தேல் ஆலயக் குரு அமத்சியா, அது அரசனின் ஆலயம் எனக் கூறி, அவரை யூதாவுக்குத் துரத்த முனைந்தமை சமய நிறுவனம் அதிகாரத்தைச் சார்ந்திருந்தமையைப் புலப்படுத்தும்.

இஸ்ரவேல் இறைவனால் தெரிவு செய்யப்பட்டமையாலேயே அதன் பொறுப்பும் தண்டனையும் மிகும் என்பது ஆமோசின் வாதம். நீதியற்றோரின் பலியையும் பாடலையும் இறைவன் வெறுக்கிறான். ஆதலின், வறியோருக்கு இழைக்கப்படும் அநீதியைக் கண்டும் வாளாவிருக்கும் விசுவாசி, தன் வழிபாட்டையே பொருளற்றதாக்குகிறான்.