பழைய பாவின் நுனி

புத்தகம் எழுத உட்காரும்போது கை ஏன் நின்றுபோகிறது? கொங்கு நாட்டுக்காரர்கள் அதை எப்படிக் கடந்தார்கள்?

டிசம்பர் கடைசியில் கோவையில் இலக்கிய விழா நடக்கும் நாட்களில், மண்டபத்துக்கு வெளியே டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். இந்தப் பேச்சு காதில் விழாமல் போகாது. “நானும் ஒரு நாவல் எழுதோணும்னு இருக்கறனுங்க. அத்தனையும் மனசுக்குள்ள கெடக்குது. உக்காந்தா ஒரு வரி வரமாட்டீங்குதுங்க.”

சொல்பவர் பவுண்டரியில் சூப்பர்வைசராக இருக்கலாம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருக்கலாம். நோட்டு வாங்கியாகிவிட்டது. தலைப்பும் வைத்தாகிவிட்டது. பிள்ளையார் சுழிக்குக் கீழே மட்டும் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது.

இந்த முடக்கத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் எட்மண்ட் பெர்க்லர் என்ற உளப்பகுப்பாய்வாளர். 1940களில் அதை ஒரு மனச்சிக்கலாகவே அவர் ஆராய்ந்தார். நம் ஊரில் “கை ஓடல” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவோம். பெயர் எதுவானால் என்ன, சொல்ல ஒன்றுமில்லாதவருக்கு இந்தத் தொல்லை வருவதே இல்லை. உள்ளே நிறைய வைத்திருப்பவருக்குத்தான் வருகிறது. அப்படியானால் குறுக்கே நிற்பது எது?

விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அண்மைக் காலத்தில் நாடு முழுக்கப் பேசப்பட்ட எழுத்து முடக்கம் ஒன்று கொங்கு மண்ணில்தான் நடந்தது.

வெள்ளாட்டோடு திரும்பியவர்

திருச்செங்கோட்டுப் பக்கம் 1966-இல் பிறந்தவர் பெருமாள்முருகன். 1991-இல் ‘ஏறுவெயில்’ நாவலோடு வந்தவர் அதன்பின் நிற்காமல் எழுதினார். 2010-இல் ‘மாதொருபாகன்’ வெளியானது. பிள்ளையில்லாத காளி, பொன்னா தம்பதியின் கதை. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழா அதன் களம். நான்கு வருடம் எந்தச் சலசலப்பும் இல்லை. 2014 டிசம்பரில் எதிர்ப்பு மூண்டது. புத்தகத்தை எரித்தார்கள், ஊரில் கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில் அவர் மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். அடுத்து முகநூலில் ஓர் அறிவிப்பு: பெருமாள்முருகன் என்கிற எழுத்தாளன் செத்துவிட்டான், இனி இருக்கப்போவது பெ. முருகன் என்கிற ஆசிரியர் மட்டும்.

2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா ஆகியோர் அடங்கிய சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, நாவல் தொடர்பான வழக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எழுத்தாளன் உயிர்த்தெழட்டும், எழுதட்டும் என்பதே தீர்ப்பின் முடிவு. ஆனால் நீதிமன்றமே சொல்லிவிட்டாலும் கை உடனே ஓடிவிடுமா? வெளியில் இருந்த பூட்டு திறந்துவிட்டது. தனக்குள் ஒரு தணிக்கையாளன் வந்து உட்கார்ந்துகொண்டான் என்று அடுத்த மாதம் டெல்லியில் அவரே சொன்னார்.

மௌனத்தில் கிடந்த அந்த மாதங்களில் அவரிடம் முதலில் திரும்பி வந்தது கவிதை. தீர்ப்புக்குப் பிறகு ‘கோழையின் பாடல்கள்’ என்ற பெயரில் தொகுப்பாக வந்தது. அந்த வருடக் கடைசியில் நாவலும் வந்தது: ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’. அந்த நாவலுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று முன்னுரையில் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். மனிதர்களைப் பற்றி எழுதப் பயம். தெய்வங்கள் என்றால் அதைவிடப் பயம். அசுரர்களைப் பற்றி வேண்டுமானால் எழுதலாம். விலங்குகள் என்று பார்த்தால் மாடும் பன்றியும் ஆகாது. நாயும் பூனையும் கவிதைக்குச் சரி. மிச்சம் இருப்பது ஆடு. பிரச்சினை இல்லாத பிராணி.

படிக்கும்போது சிரிப்பு வரும். கசப்பும் தொண்டையில் நிற்கும். எழுத முடியாமல் தவிப்பவருக்கோ இதில் ஒரு தொழில் நுணுக்கம் இருக்கிறது. பயம் போகட்டும், அப்புறம் எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. இந்தப் பயத்தோடு எவ்வளவு தூக்க முடியும் என்று எடை பார்த்தார். ஒரு வெள்ளாட்டுக் குட்டியைத் தூக்க முடிந்தது. அந்தக் குட்டி வளர வளர, பஞ்சமும் அரசாங்கமும் வாய்பொத்தி நிற்கும் குடிகளும் கதைக்குள் தாமாக வந்து சேர்ந்தார்கள்.

அச்சு பிணைத்தல்

ஆடு அவருக்குப் புதிதா? இல்லை. 2000-இல் வந்த ‘கூளமாதாரி’யைப் படித்தவர்களுக்குத் தெரியும். பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளின் காடும் வெயிலும் பசியும்தான் அந்த நாவல். எல்லாம் அறுந்துபோன பிறகு அவர் கைக்குச் சிக்கியது பதினாறு வருடப் பழைய இழை.

சென்னிமலையிலோ சோமனூரிலோ தறி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பாவு, அதாவது தறியில் நெடுக்காக ஓடும் நூல், தீரும் நேரத்தில் கடைசி நூல்வரை யாரும் நெய்துவிட மாட்டார்கள். விழுதிலும் அச்சிலும் கோத்தபடியே கொஞ்சம் விட்டுவைப்பார்கள். புதுப் பாவு வந்ததும் அதன் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் நுனியோடு விரலால் பிணைப்பார்கள். இதுதான் அச்சு பிணைத்தல். ஆயிரக்கணக்கான இழை, பொறுமையான வேலை. ஆனால் பழைய நுனி இல்லாவிட்டால் ஒவ்வொன்றையும் விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிலும் புதிதாகக் கோக்க வேண்டும். அந்தப் பாட்டுக்கு இது எவ்வளவோ மேல்.

புத்தகம் தொடங்குகிறவர்கள் பலர் வெறும் தறியில் கோக்கப் பார்க்கிறார்கள். ஏற்கெனவே எழுதிய கடிதம், பாதியில் நின்ற சிறுகதை, கூட்டத்தில் பேசிய பேச்சுக் குறிப்பு, தாத்தாவின் கணக்கு நோட்டு எல்லாம் பரணில் கிடக்கின்றன. புத்தகத்தின் முதல் நுனி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கொங்கு வாழ்வை எழுதும் தேவிபாரதி சிறுகதைக்காரராகவே நீண்ட காலம் அறியப்பட்டவர். முதல் நாவல் ‘நிழலின் தனிமை’ வந்தபோது வயது ஐம்பதைக் கடந்திருந்தது. பிறகு ‘நீர்வழிப் படூஉம்’ நாவலுக்கு 2023-இன் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அத்தனை வருடமும் வீணாகவா போனது? பாவு ஓடிக்கொண்டிருந்தது.

எந்தத் தமிழில் எழுதுவது?

கையைக் கட்டும் இன்னொரு கயிறு மொழி. வீட்டில் “பொழுது எறங்கிருச்சு” என்கிறவர், நோட்டைத் திறந்ததும் “கதிரவன் மேற்றிசையில் மறைந்தான்” என்று தொடங்குவார். அடுத்த வரி வராது. எப்படி வரும்? அந்தக் கதிரவன் அவர் தோட்டத்தில் ஒருநாளும் மறைந்ததில்லை.

ஆர். சண்முகசுந்தரம் இந்த முடிச்சை 1942-இலேயே அவிழ்த்துவிட்டார். தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர். ‘நாகம்மாள்’ நாவலில் கணவனை இழந்த ஒரு குடியானவப் பெண் கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். அந்தச் சச்சரவுதான் கதை. பாத்திரங்கள் வீட்டில் பேசுகிறபடியே பேசுகிறார்கள். தமிழ் வட்டார நாவலின் தொடக்கம் என்று விமர்சகர்கள் இதைச் சொல்கிறார்கள். இவ்வளவு சிறிய ஊரும் ஒரு பங்குத் தகராறும் ஒரு நாவலுக்குப் போதும் என்று அவர் நம்பியது, பின்னால் வந்த எத்தனையோ பேருக்குத் தைரியம் கொடுத்தது. பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதியே தொகுத்தார். தொடக்கம் வராத நாட்களில் பாட்டி பேசிய சொற்களைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். பத்தாவது சொல்லில் பாட்டியே எழுந்து வந்துவிடுவார்.

வாயால் எழுதியவர்

1935-இல் சோமனூரில் பிறந்த கோவை ஞானி தமிழாசிரியர், மார்க்சியத் திறனாய்வாளர், ‘நிகழ்’ இதழின் ஆசிரியர். நடுவயதில் பார்வை போனது. பிறர் படிக்கக் கேட்டார், சொல்லச்சொல்ல எழுதவைத்தார். 2020-இல் இறக்கும்வரை நூல்கள் வந்துகொண்டே இருந்தன. அவர் முன்னால் வெள்ளைப் பக்கம் இல்லை. எதிரில் ஒரு மனிதர் காதோடு உட்கார்ந்திருந்தார்.

டீக்கடையில் நின்றவரிடம் திரும்பி வருவோம். ஒரு வரி வரமாட்டீங்குது என்று சொன்னவரிடம், “கதை எதப் பத்திங்க?” என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் நிறுத்தமாட்டார். அப்பா வெட்டிய கிணறு, பங்காளிகள் வைத்த வழக்கு, நடுவில் அத்தை சொன்ன ஒரு வார்த்தை எல்லாம் வரிசையாக வரும். அவருக்கு எழுத வராமலில்லை. முன்னால் ஆள் இருந்தால் வருகிறது, தாள் இருந்தால் நின்றுபோகிறது. கையில் இருக்கும் செல்போனில் அந்த அரை மணி நேரத்தைப் பதிவு செய்து, வீட்டுக்குப் போய்க் கேட்டுக் கேட்டு எழுதினால் முதல் அத்தியாயத்தின் கரடுமுரடான படி கிடைத்துவிடும். அதில் பிழை இருக்கும், இருக்கட்டும். திருத்துவதற்கு முதலில் ஏதாவது இருக்க வேண்டுமே.

தினம் எழுத வேண்டுமா என்று கேட்பார்கள். எழுத்தாளர் ஜெயமோகன் ‘வெண்முரசு’ நாவல் வரிசையை 2014 ஜனவரி 1 அன்று தொடங்கி, நாளுக்கு ஓர் அத்தியாயமாக 2020 ஜூலையில் முடித்தார். மொத்தம் 26 நாவல்கள். ஷிப்டு முடிந்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு அது அளவுகோல் ஆகாது. அரைப் பக்கம் போதும்.

அந்த அரைப் பக்கத்தையும் முழுதாகத் தீர்த்துவிட வேண்டாம். நாளைக்கு என்ன வரும் என்று தெரிகிற இடத்தில், ஒரு வாக்கியத்தின் பாதியில்கூட, பேனாவை மூடி வையுங்கள். அத்தை வாயைத் திறக்கிறாள், அந்த வார்த்தையை இன்னும் சொல்லவில்லை. நாளை இரவு நோட்டைத் திறக்கும்போது பிணைக்க ஒரு நுனி அங்கே காத்திருக்கும்.