போன் வாசிக்குது, அப்பா வாசிக்கேல்ல

இந்த வார எபிசோடில் ஸ்கிரீன் ரீடர் பற்றிக் கதைச்சம். அதில் சொல்லாமல் விட்டது என்ர அப்பாவின்ர கதை.

இருபது வருசத்துக்கு மேல ரெஸ்டோரன்ட் குசினியில் நிண்ட மனுசன். சீனி வருத்தம் கண்ணைக் கொண்டுபோட்டுது. நான் உடனே அவற்ற ஐபோனில் வொய்ஸ்ஓவரைப் போட்டுக் குடுத்தன். செய்தி, வாட்ஸ்அப் எல்லாம் காதுக்குள்ள. பிரச்சினை முடிஞ்சுது எண்டு நினைச்சன்.

ஒருநாள் மருந்துப் பெட்டியைத் தடவிக்கொண்டு கேட்டார்: "பிள்ளை, இதில என்ன சின்னச் சின்னப் பொட்டு முட்டுது?"

பிரெய்ல். மருந்துப் பெட்டியில் பெயரைப் பிரெய்லிலும் போட வேண்டும் என்பது 2004இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி. வருசக்கணக்கா எங்கட மேசையில் கிடந்த எழுத்து. வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

இந்த எழுத்து பாரிஸில் பிறந்தது. பார்வையற்றோர் பள்ளியில் படித்த லூயி பிரெய்ல், 1829இல் இதை வெளியிட்டபோது அவருக்கு 20 வயது. இன்று, 1889இல் தொடங்கிய வலந்தான் அயுயி சங்கம் பெரியவர்களுக்கும் பிரெய்ல் சொல்லிக்குடுக்குது. லா கூர்னெவில் 7ஆம் லைன் ஏறி, ஜுசியுவில் 10க்கு மாறினால் துரோக் ஸ்டேஷன். நானும் அப்பாவும் வெளிக்கிட்டம்.

லேசில்லை. சீனி வருத்தம் விரல் நுனி உணர்வையும் குறைக்கலாம், எல்லாருக்கும் சரிவராது. புள்ளிகள் பெரிசா, இடைவெளி கூடவா உள்ள பிரெய்லில் தொடங்கலாம்.

அப்பாவுக்குக் கைகுடுத்தது தமிழ். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்லில்தான் தமிழும் எழுதப்படுது. அதில் 'அ'வுக்கும் பிரெஞ்சு 'ஆ'வுக்கும் (முதல் எழுத்து) ஒரே புள்ளி. க, ம, ல, ப எல்லாம் அந்தந்த ஒலிக்குரிய பிரெஞ்சு எழுத்தின்ர புள்ளிகளேதான். ஒரு மொழியில் பழகின விரல் மற்ற மொழியில் பாதி வழி போயிட்டுது.

"போன் வாசிக்கும்தானே, ஏன் கஷ்டப்படுறார்?" எண்டு சொந்தக்காரர் கேட்பினம். பிரெஞ்சில் 'வேர்' எண்டு கேட்டால் பச்சையோ, கண்ணாடியோ, புழுவோ? காதுக்கு ஒன்று, எழுத்தில் மூன்றும் வேறு. அப்பா பிரெஞ்சைக் குசினியில் காதால் பிடிச்சவர். கண் தெரிஞ்ச காலத்திலும் கடிதம் வந்தால் எங்களிட்டத்தான் நீட்டுவார். இப்பதான் முதல்தரம் பிரெஞ்சை எழுத்துக்கூட்டுறார்.

பிரெய்ல் திரை விலை கூட. கணினிக்கு என்விடிஏ இலவசம். கருவிச் செலவுக்கு எம்-டே-பே-ஆஷ் வழியா பே-சே-ஆஷ் உதவி கேட்கலாம். பொதுவாக 60 வயதுக்கு முதல் விண்ணப்பிக்க வேணும். பிந்தாதேங்கோ.

போன மாதம் அப்பா ஒரு பெட்டியை எடுத்து, மெல்ல, எழுத்தெழுத்தா: "டொ… லி… ப்ரான்." என்னட்டக் கேக்கேல்ல.

உங்கட வீட்டிலும் ஒரு மருந்துப் பெட்டி இருக்கும். இண்டைக்குத் தடவிப் பாருங்கோ. பார்வை குறையிற ஆரும் வீட்டில் இருந்தால், ஆப் போட்டுக் குடுத்ததோட நிக்காமல், முதல் வகுப்புக்குக் கூடப் போங்கோ.