நாளைய தேதியில் இன்றைய கையெழுத்து

காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுப்பதென்றால் நம் தாய்மார்கள் பத்து முறை யோசிப்பார்கள். கணவரிடம் கேட்பார்கள், மாமியாரிடம் சொல்வார்கள், எடை போட்டுப் பார்த்து, சீட்டு எழுதி வாங்கிக்கொண்ட பிறகே கொடுப்பார்கள். ஆனால் அதே தாய், பிள்ளையின் டியூஷன் கட்டணத்துக்காக ஒன்பது காசோலைகளில் ஒரே மூச்சில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறார். "இப்போதைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லையே" என்பதுதான் அந்த நிம்மதிக்குக் காரணம்.

பின்தேதியிட்ட காசோலை தன்னளவில் தீயதன்று. மொத்தக் கட்டணத்தை ஒரே தவணையில் செலுத்த இயலாத குடும்பங்களுக்கு அது ஒரு வசதியே. எனினும் அது பணத்தைவிடக் கனமான ஒன்று. கையிலிருந்து கொடுத்த பணம் அன்றோடு தீர்ந்துவிடும். நாளைய தேதியிட்டுக் கொடுத்த காசோலையோ, இன்னும் விடியாத ஒரு நாளைப் பற்றி நாம் கொடுத்த வாக்குறுதி. அந்த நாளில் பிள்ளைக்கு உடல்நலம் இருக்குமா, வெளிநாட்டிலிருந்து சம்பளம் வந்து சேர்ந்திருக்குமா என்பதை நாம் அறியோம்.

ஒரு வீட்டில் நடந்தது

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். கடலோர ஊர். தந்தை துபையில் பணிபுரிகிறார். மகள் பிளஸ் டூ மாணவி. மருத்துவப் படிப்பில் சேர வேண்டும் என்பது அவளுடைய கனவு. 2023 ஜூன் மாதத்தில் அருகிலுள்ள நகரத்துப் பயிற்சி நிலையம் ஒன்றில் மாலை வகுப்பில் சேர்த்தார்கள். ஆண்டுக் கட்டணம் ரூ. 90,000. சேரும்போது ரூ. 18,000 ரொக்கம். எஞ்சிய ரூ. 72,000-க்கு, ஜூலை முதல் மார்ச் வரை ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதியிட்டு, தலா ரூ. 8,000-க்கு ஒன்பது காசோலைகள். கணக்கு தாயாரின் பெயரில் இருந்தது, கையெழுத்தும் அவருடையதே.

மூன்று மாதங்கள் ஒழுங்காக நடந்தன. செப்டம்பர் இறுதியில் மகளுக்கு மஞ்சள் காமாலை. மருத்துவர் நீண்ட ஓய்வு தேவை என்று சொல்லிவிட்டார். தாயார் நேரில் சென்று, "மகள் இனி வர இயலாது" என்று அலுவலகத்தில் இருந்தவரிடம் தெரிவித்தார். "சரிம்மா, சார்கிட்ட சொல்லிடறேன்" என்றார் அவர். அந்த ஒரு சொல்லை நம்பித் தாயார் வீடு திரும்பினார். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. காசோலைகளைத் திரும்பக் கேட்கவும் இல்லை.

அக்டோபர் காசோலை வழக்கம்போல் வங்கிக்குச் சென்று பணமாயிற்று. மருத்துவச் செலவின் நெருக்கடியில் அதை யாரும் கவனிக்கவில்லை. நவம்பரில் கணக்கில் பணம் இல்லை; காசோலை திரும்பியது. டிசம்பர் முதல் வாரத்தில் பதிவுத் தபால் வந்தது. பதினைந்து நாட்களுக்குள் ரூ. 8,000 செலுத்தாவிட்டால் குற்றவியல் வழக்குத் தொடரப்படும் என்ற வழக்கறிஞர் அறிவிப்பு. அதில் கணவரின் பெயர் இல்லை. தாயாரின் பெயர் மட்டுமே இருந்தது.

துபையிலிருந்த கணவர் தொலைபேசியில் கேட்டுப் பதறிப்போனார். அவருடைய பதற்றத்துக்குக் காரணம் உண்டு. அமீரகத்தில் வீட்டு வாடகைக்குப் பின்தேதியிட்ட காசோலைகள் கொடுப்பது வழக்கம். கணக்கில் பணமின்றிக் காசோலை திரும்பினால் அங்குக் குற்ற வழக்காகி, சிறைவாசம்கூட நேர்ந்த காலத்தை அவர் கண்டவர். 2022 ஜனவரி 2 முதல்தான் அந்நாட்டுச் சட்டம் மாறி, மோசடி இல்லாமல் வெறுமனே பணப் பற்றாக்குறையால் திரும்பும் காசோலைகள் பெரும்பாலும் உரிமையியல் வழியில் வசூலிக்கப்படுகின்றன. "நீ ஏன் கையெழுத்துப் போட்டாய்?" என்று அவர் கேட்டதும், "நீங்கதானே போடச் சொன்னீங்க" என்று இவர் அழுததும், அறைக்குள் படுத்திருந்த மகளின் காதில் விழுந்தன. "என்னாலதானே உம்மா இவ்வளவும்?" என்று அந்தப் பெண் கேட்டாளாம். நோயைவிட அந்தக் கேள்வி தாயாரை அதிகம் வாட்டிற்று.

சட்டம் யாரைப் பார்க்கிறது?

நம் நாட்டில் காசோலை பற்றிய சட்டம் 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம். அதில் 138-ஆம் பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டப்படி செலுத்த வேண்டிய ஒரு கடனுக்காகக் கொடுத்த காசோலை பணமின்மையால் திரும்பினால், அதனை அப்பிரிவு குற்றமாக்குகிறது. தண்டனை இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே.

ஆனால் காசோலை திரும்பியவுடனேயே குற்றம் முழுமை பெற்றுவிடுவதில்லை. காசோலையைப் பெற்றவர், வங்கியிடமிருந்து தகவல் வந்த முப்பது நாட்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பைப் பெற்ற நாளிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் பணத்தைச் செலுத்திவிட்டால் வழக்கில்லை. செலுத்தத் தவறினால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் அவர் நீதிமன்றத்தில் முறையிடலாம். எனவே, வழக்கறிஞரின் அறிவிப்பு வந்தால் அதை வாங்க மறுப்பது அறியாமை. சரியான முகவரிக்கு அனுப்பிய அறிவிப்பு சேர்ந்துவிட்டதாகவே நீதிமன்றம் கருதும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. மறுத்தால் இழப்பது அந்தப் பதினைந்து நாள் வாய்ப்பைத்தான்.

நம் இல்லத்தரசிகள் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சம்பாதிப்பவர் யார், பிள்ளையைச் சேர்த்தவர் யார் என்று இச்சட்டம் கேட்பதில்லை. காசோலையில் கையெழுத்திட்டவர் யார் என்றே பார்க்கிறது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்கு இருந்தாலும், கையெழுத்திட்டவர்மீதே இப்பிரிவின்கீழ் வழக்குத் தொடர முடியும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2013-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. குடும்பத் தலைவர் கடல் கடந்து வாழும் வீடுகளில், வங்கிக் கணக்கு மனைவியின் பெயரில் இருப்பது இயல்பு. ஆகவே அறிவிப்பும் மனைவியின் பெயருக்கே வரும். நீதிமன்றப் படியேற வேண்டியவரும் அவரே.

நடத்தாத பாடத்துக்கும் கட்டணமா?

"மகள் வகுப்புக்கே போகவில்லையே, பின் எதற்குப் பணம்?" என்ற தாயாரின் கேள்வி நியாயமானது. சட்டத்திலும் அதற்கு இடமுண்டு. காசோலையின் தேதியன்று உண்மையாகவே ஒரு கடன் இருந்ததா என்பதே அடிப்படை. பொருள் வாங்க முன்பணமாகக் காசோலை கொடுத்து, பின்னர் அந்தக் கொள்முதல் ரத்தாகிவிட்ட ஒரு வழக்கில், 138-ஆம் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. அதேவேளை, ஏற்கெனவே வாங்கிய கடனின் தவணைக்காகக் கொடுத்த பின்தேதியிட்ட காசோலைக்கு அப்பிரிவு பொருந்தும் என்று 2016-இல் கூறியது. டியூஷன் கட்டணம் இவற்றுள் எதைப் போன்றது என்பது, சேரும்போது செய்துகொண்ட ஏற்பாட்டைப் பொறுத்தது. மேலும், காசோலை கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்று சட்டம் முதலில் அனுமானித்துக்கொள்கிறது. அப்படியன்று என்று காட்டும் பொறுப்பு கையெழுத்திட்டவருடையது. கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லாதவர் எதைக் காட்டுவார்?

2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் பயிற்சி நிலையங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. முழுக் கட்டணமும் செலுத்திய மாணவர் இடையில் நின்றால், எஞ்சிய காலத்துக்குரிய தொகையைக் கணக்கிட்டுப் பத்து நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும், பயிற்சிக் காலத்தின் இடையில் கட்டணத்தை உயர்த்தக் கூடாது என்றும் அவை கூறுகின்றன. இவற்றைச் சட்டமாக்கி நடைமுறைப்படுத்துவது மாநில அரசுகளின் பொறுப்பு. ஆயினும், பேசித் தீர்க்கும்போது எடுத்துக்காட்ட ஏற்ற ஆவணம் இது.

ஆசிரியரின் பக்கம்

நியாயம் ஒருபுறம் மட்டும் இல்லை. வீட்டில் பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கும் ஆசிரியையை எண்ணிப் பாருங்கள். மூன்று மாதம் படித்துவிட்டு, கட்டணம் தராமலே நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு. "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறோம்" என்று சொல்லித் தெருவை மாற்றி நடக்கும் பெற்றோரும் உண்டு. காசோலை கேட்பவர்களில் பலர் இப்படி ஏமாந்தவர்களே. உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கலாகாது என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. பாடம் சொல்லிக் கொடுத்த கூலியும் கூலிதான். நாம் தேடுவது ஆசிரியரிடமிருந்து தப்பும் வழியை அன்று. இரு தரப்புக்கும் தெளிவான ஏற்பாட்டையே.

அந்த ஏற்பாட்டின் முதற்படி எழுதிக்கொள்வது. தவணை குறித்த கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்து 282-ஆம் வசனம் பணிக்கிறது. குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அதுதான். தொகை சிறிதாயினும் எழுதச் சலிப்படையலாகாது என்பதும் அதன் அறிவுரையில் அடங்கும். "தெரிந்தவர்தானே, எழுத்தெல்லாம் எதற்கு?" என்று கூச்சப்படுகிறோம். நட்பும் உறவும் கெடாமல் இருக்கத்தான் எழுத்து.

கையெழுத்திடுமுன்

ஒன்று: வெற்றுக் காசோலையில் கையெழுத்திடாதீர்கள். பெறுபவர் பெயர், தொகை, தேதி மூன்றையும் நீங்களே நிரப்பி, இடது மூலையில் இரு கோடுகள் இடுங்கள். விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைக்கும் கையெழுத்திட்டவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் கூறியுள்ளது.

இரண்டு: காசோலைகளின் எண், தேதி, தொகை ஆகியவற்றைப் பட்டியலிட்டு, "பெற்றுக்கொண்டேன்" என்று நிலையத்தின் கையொப்பம் வாங்குங்கள். அதிலேயே, "மாணவர் இடையில் நின்றால், ஒரு மாத அறிவிப்பின்பேரில் எஞ்சிய காசோலைகள் திருப்பித் தரப்படும்" என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால், சேருமுன் மீண்டும் யோசியுங்கள்.

மூன்று: ஆண்டு முழுமைக்கும் கொடுக்காமல், மூன்று மாதத்துக்கு மூன்று காசோலைகள் என்று கேட்டுப் பாருங்கள். பல ஆசிரியர்கள் இதற்கு இசைவார்கள். ஒரு மாதம் ரொக்கமாகக் கொடுத்தால், அந்த மாதக் காசோலையை அப்போதே திரும்ப வாங்கிவிடுங்கள்.

நான்கு: தேதிக்கு முதல் நாளே கணக்கில் பணம் இருக்கட்டும். காசோலை வங்கிக்குப் போய்ச்சேர இரண்டு நாள் ஆகும் என்ற பழைய கணக்கு இனிச் செல்லாது. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகள் அன்றன்றே தீர்வாகும் முறை வந்துவிட்டது. காசோலை, அதிலுள்ள தேதியிலிருந்து மூன்று மாதங்கள் செல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐந்து: பிள்ளை நின்றால், வாய்ச்சொல்லோடு நில்லாமல் கடிதம் எழுதுங்கள், நகலில் கையொப்பம் பெறுங்கள், அல்லது ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்புங்கள். காசோலைகள் திரும்பி வராவிட்டால், வங்கியில் பணம் வழங்கலை நிறுத்தச் சொல்லலாம். ஆனால் அப்போதும் கணக்கில் போதிய பணம் இருக்க வேண்டும். தகுந்த காரணமும் எழுத்தில் இருக்க வேண்டும். பணமில்லாததை மறைக்க நிறுத்தச் சொல்வதைச் சட்டம் ஏற்காது.

ஆறு: காசோலைக்குப் பதிலாக, "எளிய தவணை" என்று சொல்லி ஏதேனும் நிதி நிறுவனத்தின் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் நிதானியுங்கள். அது கட்டணத் தவணையன்று, கடன். பிள்ளை வகுப்பை விட்டாலும் கடன் உங்களை விடாது. அதில் வட்டியும் மறைந்திருக்கலாம்.

திரும்பி வந்த ஐந்து தாள்கள்

அந்தக் கடலோர ஊர்த் தாயாரின் கதை எப்படி முடிந்தது? உறவினர் ஒருவர் வழக்கறிஞரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவச் சான்றுகளை இணைத்துப் பத்து நாட்களுக்குள் பதில் அனுப்பினார்கள். பின்னர் நேரில் பேசினார்கள். நிலைய நிருவாகி, மாணவியின் நோய் பற்றித் தமக்கு எவரும் சொல்லவில்லை என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். நவம்பர் காசோலையையும் எஞ்சிய நான்கையும் திருப்பிக் கொடுத்தார். அக்டோபரில் போன எட்டாயிரம் போனதுதான்.

மகள் உடல் தேறி, அடுத்த ஆண்டு வேறோர் ஆசிரியையிடம் சேர்ந்தாள். அவரும் காசோலைகள் கேட்டார். தாயார் மறுக்கவில்லை. மூன்று காசோலைகளை முழுமையாக நிரப்பி, ஒரு வெள்ளைத் தாளில் எண்களை எழுதி, மகளின் கையில் கொடுத்து ஒருமுறை சரிபார்க்கச் சொன்னார். அதன் பிறகே கையெழுத்திட்டார். அந்தத் தாளில் ஆசிரியையும் மகிழ்வோடு ஒப்பமிட்டாராம். "இப்படி எழுதிக் கொடுப்பது எனக்கும் நல்லதுதானே" என்றாராம் அவர்.

நம் பிள்ளைகளுக்காக நாளைய தேதியில் வாக்குக் கொடுக்கிறோம். கொடுக்குமுன் அதை எழுதிக்கொள்வோம். எழுதியபின் அதைக் காப்பாற்றுவோம்.