சுவரில் நின்ற கோடு

டீ ஆறுவதற்குள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுவிடலாம். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 1 செ.மீ. மழை பெய்தால், விழுந்த தண்ணீர் ஒரு கோடி லிட்டர். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ., காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெருக்கிப் பாருங்கள்.

அந்தத் தண்ணீர் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும்? அதற்குத்தான் ஆற்றைக் கணினிக்குள் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். அடிப்படை, நம் சம்சாரிகளுக்குத் தெரிந்ததுதான். குளத்துக்கு வந்தது எவ்வளவு, மடையிலும் மறுகாலிலும் போனது எவ்வளவு. மிச்சம் குளத்தில் நிற்கும். படுகையைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் சில நிமிடத்துக்கு ஒருமுறை இந்த வரவு செலவை எழுதுகிறது கணினி. ஒரு துண்டின் செலவு அடுத்ததன் வரவு. தண்ணீர் எந்த வேகத்தில் நகரும் என்பதற்கு, பிரான்ஸின் சான் வெனான் 1871-ல் எழுதிய சமன்பாடுகள் இருக்கின்றன.

மண்ணும் ஒரே மாதிரி குடிக்காது. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணல் உறிஞ்சிக்கொள்ளும். கரிசல் முதலில் வெடிப்பு வழியே குடிக்கும். ஊறி உப்பியபின் வாங்காது. ஆக, நேற்றுப் பெய்ததும் கணக்கில் வரவேண்டும்.

வெள்ளம் என்றாலே பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்றுதான் கேட்போம். அந்த டிசம்பரில் அணைகளுக்கு வெகு கீழே, சமவெளியிலும் கடற்கரையிலும்கூடக் கொட்டித் தீர்த்தது. அங்கே குளங்கள் சங்கிலியாகக் கிடக்கின்றன. ஒன்றின் மறுகால் அடுத்ததில் விழும். மேல்குளத்துக் கரை உடைந்தால், பல நாள் சேர்ந்த தண்ணீர் மொத்தமும் கீழ்க்குளத்துக் கரையில் வந்து மோதும். மழை இரண்டு பங்கானால் வெள்ளமும் இரண்டு பங்கு என்ற கணக்கு அதன்பின் செல்லாது. எந்தக் கரை எங்கே நைந்திருக்கிறது, எந்தக் குளம் எவ்வளவு மேடிட்டிருக்கிறது என்பதை யாராவது இறங்கி அளந்து சொன்னால்தான் கணினிக்குத் தெரியும். சமன்பாட்டைவிட இந்த அளவுகளுக்குத்தான் நாம் அதிகம் மெனக்கெட வேண்டும் என்பேன்.

கணினி சொன்னது சரியா என்று உரசிப் பார்க்கவும் அளவு வேண்டும். திருநெல்வேலிக்காரர்கள் குறுக்குத்துறை முருகன் கோயிலில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பார்ப்பார்கள். அதுபோல ஊருக்கு ஊர் அடையாளம் வேண்டும். 2023 வெள்ளம் நின்ற கோடு உங்கள் வீட்டுச் சுவரில் இன்னும் தெரிகிறதா? பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன் தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள்.