கூடையில் தேட வேண்டிய சுறா

திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணம். அங்கிருந்து தெற்கே கோட்டக்குப்பம் வரை ஏறக்குறைய 40 கிலோமீட்டர் கடற்கரை, 19 மீனவ கிராமங்கள். விழுப்புரம் மாவட்டத்துக்குக் கடல் என்று இருப்பது இவ்வளவுதான். கோட்டக்குப்பத்தைத் தாண்டினால் புதுச்சேரி. இந்தக் கடல் பகுதியின் பெயரைத் தாங்கி உலகில் ஒரு சுறா இனம் உண்டு: புதுச்சேரிச் சுறா. 1839இல் முல்லர், ஹென்லே என்ற இரு ஜெர்மானிய அறிஞர்கள் வெளியிட்ட நூலில் அதை முதன்முதலாக விவரித்தவர் பிரெஞ்சு விலங்கியலாளர் வலென்சியன். அறிவியல் பெயர் கார்கரைனஸ் ஹெமியோடன்.

அதன் பிறகு நமக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். உலகத்து அருங்காட்சியகங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதன் உடல்கள் இருபதுகூடத் தேறாது. அவற்றிலும் பெரும்பாலானவை 1900க்கு முன்பு பிடிபட்டவை. உறுதி செய்யப்பட்ட கடைசிப் பதிவு 1979. அதற்குப் பிறகு இந்தியாவிலும் இலங்கையிலும் "பார்த்தோம்" என்ற பேச்சு அவ்வப்போது எழுந்ததுண்டு. எதுவும் ஐயமறத் தேறவில்லை. 2017இல் உலகெங்கும் தேடப்பட வேண்டிய 25 தொலைந்த உயிரினங்களின் பட்டியல் ஒன்று வெளியானபோது, அதில் நம் ஊர்ச் சுறாவும் இருந்தது.

அழிந்துவிட்டதா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சுறாவின் தோற்றத்தைத் தெரிந்துகொண்டால் காரணம் புரியும். அருங்காட்சியகத்தில் இருப்பவற்றில் பெரியதே ஒரு மீட்டர் அளவுதான். முதுகு சாம்பல், வயிறு வெள்ளை. மார்புத் துடுப்புகள், வாலுக்கு முன்னால் உள்ள சிறிய இரண்டாம் முதுகுத் துடுப்பு, வாலின் நுனிகள் ஆகியவை மை தொட்டதுபோல் கறுத்திருக்கும். இதே அளவில், இதே நிறத்தில், துடுப்பில் கருமையோடு வேறு பல சுறாக்களும் இந்தக் கடலில் உண்டு. படகு கரையேறிய சற்று நேரத்தில் தலை அறுபட்டு, துடுப்பு நீங்கி, ஐஸ் மேல் கிடக்கும் உடலைப் பார்த்து, இது இன்ன இனம் என்று சொல்வது தேர்ந்த ஆய்வாளருக்கே கடினம். ஏலக் கூச்சலுக்கு நடுவே, மீன் வாங்கிக் கூடையில் அடுக்கும் பெண்ணிடம் அந்தக் கணக்கை எதிர்பார்க்க முடியுமா?

சுறாவை நாம் அறிந்ததெல்லாம் சமையலறை வழியாகத்தான். வெந்நீரில் முக்கி, தோல்மேல் மணல்போல் ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுப்பார்கள். அந்த மணல் உண்மையில் ஆயிரமாயிரம் நுண்பற்கள். மற்ற மீன்களின் செதிலைப் போன்றதல்ல அது. நம் பல்லைப் போலவே எனாமல் போன்ற மேற்பூச்சு அவற்றுக்கும் உண்டு. நேரமானால் மூக்கைத் துளைக்கும் நெடிக்கும் காரணம் இருக்கிறது. கடலின் உப்பைச் சமாளிக்க சுறா தன் உடலில் யூரியாவைத் தேக்கி வைத்திருக்கிறது. செத்த பின் அது அம்மோனியாவாக மாறுகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கும் என்று பால் சுறாவைப் புட்டாக்கிக் கொடுப்பது நம் கடலோர வழக்கம்.

அந்தப் பால் சுறாவின் பேறுகாலத்தையும் கொஞ்சம் பாருங்கள். ஏறத்தாழ ஓராண்டு சுமக்கிறது. தாயின் கருவறையில் தொப்புள்கொடி வழியே உணவு பெற்று வளர்ந்து, உயிருள்ள குட்டிகளாகப் பிறக்கின்றன. ஒரு பேற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டிகள். ஆயிரக்கணக்கில் முட்டையிடும் கானாங்கெளுத்தி ஒரு மோசமான ஆண்டைத் தாங்கி மீண்டுவிடும். சுறாவால் முடியாது. 1970க்குப் பிந்தைய அரை நூற்றாண்டில் உலகின் திறந்தவெளிக் கடல்களில் வாழும் சுறா, திருக்கை எண்ணிக்கை 71 சதவீதம் சரிந்ததாக 2021இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. முதன்மைக் காரணம், அளவு மீறிய மீன்பிடிப்பு.

பல சுறா இனங்கள் குட்டி போடவும், குட்டிகள் பெரிய மீனுக்குத் தப்பி வளரவும் தேர்ந்தெடுப்பது ஆழமில்லாத கரைக் கடலையும் கழிமுகத்தையும்தான். விழுப்புரத்துக்கு அப்படி ஓர் இடம் இருக்கிறது. கழுவேலி ஏரியின் நீர் உப்பங்கழி வழியாக ஓடி, எடையன்திட்டு முகத்துவாரத்தில் வங்கக் கடலோடு கலக்கிறது. 2021 டிசம்பரில் கழுவேலி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 5,151 ஹெக்டேர். நல்ல செய்தி. ஆனால் சரணாலயம் என்றதும் நாம் நாரையையும் பூநாரையையும்தான் நினைக்கிறோம். தண்ணீருக்குள் என்ன வளர்கிறது என்ற கேள்வி அதே அக்கறையோடு கேட்கப்படுவதில்லை. தெற்கே புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் வடக்கு நோக்கிய மணல் நகர்வை மறித்ததில், கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம் கடல் கரையைத் தின்றுகொண்டே வருகிறது. கரை போனால் அதை ஒட்டிய ஆழமில்லாத கடலும் பழைய நிலையில் இருக்காது.

சட்டத்துக்குக் குறைவில்லை. 2001இலேயே புதுச்சேரிச் சுறா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறிவிட்டது. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. 2013இல், துடுப்பு மட்டும் அறுத்துக்கொண்டு சுறாவைக் கடலில் வீசக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவிட்டது. 2015இல் துடுப்பு ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. அடையாளம் காண ஆளில்லாத இடத்தில் அட்டவணை என்ன செய்யும்? சட்டமே சில சமயம் எதிராகவும் வேலை செய்யும் என்று அஞ்சுகிறேன். வலையில் தற்செயலாகச் சிக்கிச் செத்த அரிய சுறாவைக் காட்டினால் வழக்கு வரும் என்றால், எந்தப் படகுக்காரர் காட்டுவார்?

குஜராத்தில் வேறு வழி கண்டார்கள். திமிங்கலச் சுறாவை ஈட்டி எறிந்து கொன்றுவந்த அதே சௌராஷ்டிரக் கடற்கரையில், 2004இல் தொடங்கிய பிரசாரத்துக்கு ராமகதைச் சொற்பொழிவாளர் மொராரி பாபு முகமாக விளங்கினார். பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகள் என்று அந்த மீனை அவர் சொன்னது மீனவர் மனத்தில் இறங்கியது. சிக்கிய சுறாவை விடுவிக்க வலையை அறுத்தால் இழப்பீடும் கிடைத்தது. நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்கள் உயிரோடு கடலுக்குத் திரும்பின. அது பேருந்து நீளத்துக்கு, புள்ளி போட்ட உடலோடு வரும் மீன். யாருக்கும் அடையாளம் தெரியும். நம்முடையது கூடைக்குள் அடங்கிவிடும். அதனால் இங்கே வேலை அறிதலில் தொடங்க வேண்டும்.

பெரிய துறைமுகங்களில் மீன் கணக்கெடுக்க ஆள் வருகிறார்கள். ஃபைபர் படகுகள் மணலில் ஏறும் சிறு குப்பங்களிலும் அந்த வேலை நாள்தோறும் நடக்க வேண்டும், அதுவும் மீனவ இளைஞர்களுக்கே கூலி கொடுத்து. தற்செயலாகச் சிக்கியதைத் தெரிவிப்பவர் மீது வழக்கு இல்லை என்று வனத்துறையும் மீன்வளத் துறையும் எழுத்தில் உறுதி தர வேண்டும். கருவிகள் பெரிதாக வேண்டாம். கையில் இருக்கும் கைபேசி போதும்: தலையை அறுப்பதற்கு முன் முழு உடலுக்கு ஒரு படம், இரண்டாம் முதுகுத் துடுப்பின் நுனிக்கு ஒன்று, மேல் தாடைப் பற்களுக்கு ஒன்று, கூடவே எந்த ஊர், எத்தனை பாகம் ஆழம், எந்த வலை என்ற குறிப்பு.